ஸ்னாப் நிரல்மொழியில் இணையத் தரவு பெறுதல்: முகவரி பிளாக் பற்றிய ஒரு திறனாய்வு

ஸ்னாப் என்பது இணைய உலாவிக்குள்ளேயே இயங்கும் ஒரு காட்சிவழி நிரல்மொழி. இதில் கட்டளைகளைத் தட்டச்சு செய்ய வேண்டியதில்லை. வண்ண வண்ண பிளாக்குகளை இழுத்துவந்து ஒன்றோடொன்று பொருத்தினால் நிரல் உருவாகிவிடும். யென்ஸ் மோனிக்கும், கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தைச் சேர்ந்த பிரையன் ஹார்வியும் இதன் ஆசிரியர்கள். எம்ஐடி ஊடக ஆய்வகத்தின் ஸ்க்ராச் மொழியை விரிவாக்கி ‘பில்ட் யுவர் ஓன் பிளாக்ஸ்’ என்ற பெயரில் தொடங்கிய முயற்சி, பின்னர் ஜாவாஸ்கிரிப்டில் புதிதாக எழுதப்பட்டு ஸ்னாப் ஆயிற்று. பெர்க்லியின் ‘பியூட்டி அண்ட் ஜாய் ஆஃப் கம்ப்யூட்டிங்’ பாடத்திட்டம் இம்மொழியைக் கொண்டு அமைந்தது.

ஸ்னாப்பின் ‘உணர்தல்’ பிரிவில் நீள்வட்ட வடிவில் ஒரு பிளாக் இருக்கிறது. அதில் ஓர் இணைய முகவரியை எழுதிச் சொடுக்கினால், அந்த முகவரியில் உள்ள உரை ஒரு குமிழுக்குள் வந்து நிற்கும். இந்த ஒரு பிளாக்கைப் பற்றியதே இக்கட்டுரை. வகுப்பறையில் இணையம் எப்படி வேலை செய்கிறது என்ற பாடம் முழுவதும் இதன் வழியாகத்தான் மாணவரைச் சென்றடைகிறது. அது எதைக் காட்டுகிறது, எதை மறைக்கிறது என்று பார்ப்பது அதனால் அவசியமாகிறது.

எளிமையின் பயன்

முதலில் சிறப்பைச் சொல்லிவிட வேண்டும். ஸ்னாப்பின் மூலமான ஸ்க்ராச்சில், மாணவர் தாம் விரும்பிய முகவரியிலிருந்து தரவை எடுக்க வழியே இல்லை. மொழிபெயர்ப்பு, உரையைப் பேச்சாக்குதல் போன்ற சில நீட்சிகள் மட்டும் பின்னணியில் இணையத்தைத் தொடுகின்றன. ‘மேக மாறி’ என்று ஒன்று உண்டு. அதில் எண்களை மட்டுமே சேமிக்கலாம். எழுத்தைச் சேமிக்க விரும்பும் பிள்ளைகள் ஒவ்வோர் எழுத்துக்கும் ஓர் எண் கொடுத்து, நீண்ட எண்ணாகக் கோத்து அனுப்பும் தந்திரத்தைக் கண்டுபிடித்திருக்கிறார்கள். சிறுவர்கள் தம் படைப்புகளைப் பொதுவில் பகிரும் தளம் என்பதால் அங்கே வாசலைச் சாத்தி வைத்திருப்பது புரிந்துகொள்ளக்கூடியதே. உயர்நிலைப் பள்ளி, கல்லூரி மாணவர்களை மனத்தில் கொண்ட ஸ்னாப் அந்த வாசலைத் திறந்தது.

எளிதாகவும் திறந்தது. ‘ஓப்பன்-மீட்டியோ’ என்ற வானிலைத் தரவுச் சேவை, வணிக நோக்கமற்ற பயன்பாட்டுக்குப் பதிவோ கடவுச்சாவியோ கேட்பதில்லை. மதுரையின் அகலாங்கு 9.92, நெட்டாங்கு 78.12 ஆகியவற்றை முகவரியில் சேர்த்து அனுப்பினால் வெப்பநிலை ஜேசான் வடிவில் வரும். ஸ்னாப்பில் உரையைப் பிரிக்கும் பிளாக்கில் ‘ஜேசான்’ என்றே ஒரு தேர்வு இருக்கிறது. அதைப் போட்டால், வந்த உரை பட்டியலாக மாறி, அட்டவணையாகக் கண்முன் விரிகிறது. இரண்டு பிளாக்குகளில் இவ்வளவும் முடிகிறது. இதே வேலையை எழுத்துவழி மொழியில் செய்ய, எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கு முதலில் ஒரு வாரப் பாடம் எடுக்க வேண்டியிருக்கும்.

இந்த பிளாக் மதிப்பைத் திருப்பித் தரும் வகையைச் சேர்ந்தது என்பதும் தற்செயலானது அல்ல. ஸ்னாப் லிஸ்ப், ஸ்கீம் மொழிகளின் வழியில் வந்தது. ஒரு சார்பின் விடையை இன்னொரு சார்புக்குள் நேரடியாகச் செருகுவதே அந்த மரபு. கூட்டல் பிளாக்கை எங்கெல்லாம் பொருத்தலாமோ அங்கெல்லாம் முகவரி பிளாக்கையும் பொருத்தலாம். வடிவமைப்பின் அழகு இதில் இருக்கிறது. சிக்கலும் இதில்தான் தொடங்குகிறது.

ஐந்தோடு மூன்றைக் கூட்டினால் எட்டு. எப்போது கூட்டினாலும் எட்டு, உடனே எட்டு, யாருடைய அனுமதியும் வேண்டாம். இணையத்திலிருந்து தரவு பெறுவது அப்படிப்பட்ட செயல் அல்ல. நேரம் ஆகும். இன்று வருவது நாளை வராது. கேட்ட இடத்தில் ‘தரமாட்டேன்’ என்றும் சொல்லலாம். இந்த வேறுபாட்டில் எதுவும் பிளாக்கின் தோற்றத்திலும் தெரிவதில்லை, அது தரும் விடையிலும் தெரிவதில்லை.

தோல்வி எங்கே போகிறது?

ஸ்னாப்பின் மூலநிரல் திறந்தது. யாரும் படித்துப் பார்க்கலாம். முகவரி பிளாக்கின் பகுதி சில வரிகள்தான். உலாவியிடம் ஒரு கோரிக்கையை ஒப்படைக்கிறது. விடை வரும்வரை தன் முறையை மற்ற நிரல்களுக்கு விட்டுக்கொடுத்துக் காத்திருக்கிறது. பரிமாற்றம் முடிந்தது என்று உலாவி சொன்னதும், கையில் இருக்கும் உரையை எடுத்துக் கொடுத்துவிடுகிறது.

காத்திருத்தலைப் பொறுத்தவரை எனக்குக் குறை இல்லை. ஒரு நிரல் காத்திருக்கும்போது மேடையில் மற்ற உருவங்கள் அசைந்துகொண்டே இருக்கின்றன, திரை உறைந்துபோவதில்லை. பிள்ளைக்கு அது தெரியாமலே நல்லபடியாக நடக்கிறது. அந்த அளவு மறைப்பு நியாயமானது.

‘முடிந்தது’ என்ற சொல்லில்தான் கோளாறு. உலாவியைப் பொறுத்தவரை வெற்றியாக முடிவதும் முடிவுதான், தோற்று முடிவதும் முடிவுதான். முகவரி பிளாக் இரண்டையும் பிரித்துப் பார்ப்பதில்லை. எச்டிடிபி நெறிமுறையில் ஒவ்வொரு விடையோடும் ஒரு மூன்றிலக்கக் குறியீட்டு எண் வருகிறது. 200 என்றால் சரி, 404 என்றால் அப்படி ஒரு பக்கம் இல்லை, 500 என்றால் சர்வர் எனப்படும் வழங்கியிலேயே கோளாறு. இந்த எண்ணை பிளாக் பார்ப்பதும் இல்லை, நமக்குத் தருவதும் இல்லை. ‘பக்கம் இல்லை’ என்று வழங்கி அனுப்பும் அறிவிப்புப் பக்கத்தின் உரையே தரவு போல வந்து குமிழில் உட்கார்ந்துகொள்ளும்.

ஒரு மாணவி 9.92 என்று எழுத வேண்டிய இடத்தில் புள்ளியை விட்டு 992 என்று எழுதிவிட்டாள் என்று வைத்துக்கொள்வோம். ஓப்பன்-மீட்டியோ 400 என்ற குறியீட்டோடு, பிழை நேர்ந்தது என்பதையும் அதன் காரணத்தையும் ஜேசானிலேயே எழுதித் திருப்பி அனுப்பும். நல்ல வழக்கம். ஆனால் ஸ்னாப்பில் அந்தப் பிழைச் செய்தியும் சரியான விடையும் ஒரே வாசல் வழியாக வருகின்றன. பிரிக்கும் பிளாக் அதையும் ஒழுங்காகப் பட்டியலாக்கும். அடுத்த பிளாக் அந்தப் பட்டியலில் வெப்பநிலையைத் தேடும், கிடைக்காது, வெற்றிடத்தைத் தரும். பிழை நடந்தது முதல் பிளாக்கில், அறிகுறி தெரிவது நான்காவது பிளாக்கில். மாணவி நான்காவதைத்தான் பிரித்துப் பிரித்துப் பொருத்திக்கொண்டிருப்பாள்.

இணைப்பே இல்லாமல் போனாலும் இதே கதைதான். கம்பி அறுந்திருந்தால் வெற்று உரை வரும். முகவரியில் எழுத்துப்பிழையால் அப்படியொரு தளமே இல்லையென்றாலும் வெற்று உரை. உள்ளபடியே காலியாக இருக்கும் ஒரு கோப்பைக் கேட்டாலும் வெற்று உரை. தபாலில் போட்ட கடிதம் போய்ச் சேராவிட்டால் ‘விலாசதாரர் இல்லை’ என்று எழுதித் திருப்பி அனுப்புவார்கள். இங்கே வெறும் உறை மட்டும் வீட்டுக்குத் திரும்பி வருகிறது, அதுவும் முத்திரை எதுவும் இல்லாமல்.

பிழையைக் காட்டும் வழி ஸ்னாப்பில் இல்லை என்றால் பொறுத்துக்கொள்ளலாம். இருக்கிறது. பட்டியல் வேண்டிய இடத்தில் உரையைக் கொடுத்தால், நிரலைச் சுற்றிச் சிவப்பு ஒளிவட்டம் தோன்றி, என்ன தவறு என்று ஒரு வரியில் சொல்கிறது. பிழை நேர்ந்தால் என்ன செய்வது என்று மாணவரே எழுதிக்கொள்ளும் பிளாக்குகளும் நூலகத்தில் உண்டு. நிரலுக்குள் நடக்கும் தவறுக்கு இத்தனை கவனம் கொடுத்தவர்கள், வெளியிலிருந்து வரும் தவறுக்கு மட்டும் வாய்மூடி இருக்கிறார்கள்.

கதவு திறக்காத விருந்தாளி

எல்லாவற்றையும் விடக் குழப்பம் தருவது அனுமதிச் சிக்கல். ஒரு முகவரியை உலாவியின் மேல்பட்டையில் எழுதினால் தரவு தெரிகிறது. அதே முகவரியை அப்படியே நகலெடுத்து பிளாக்கில் ஒட்டினால் வெறும் குமிழ். எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டாலும் வேறுபாடு இல்லை. தன் கண்ணையே நம்பாத நிலைக்குப் பிள்ளை வந்துவிடும்.

காரணம் உலாவியின் பாதுகாப்பு விதி. ஒரு தளத்திலிருந்து வந்த நிரல், வேறொரு தளத்தின் தரவைப் படிக்கக் கூடாது என்பது 1995இல் நெட்ஸ்கேப் நேவிகேட்டர் 2 காலத்திலேயே வந்த கட்டுப்பாடு. இந்த விதி இல்லாவிட்டால், நாம் திறக்கும் ஏதோ ஒரு பக்கத்தில் ஒளிந்திருக்கும் நிரல், பக்கத்துத் தாவலில் திறந்திருக்கும் நம் மின்னஞ்சலைப் படித்துவிடும். ஆகவே விதி தேவைதான். ஆனால் பொதுத் தரவை எல்லோருக்கும் தர விரும்பும் தளங்களுக்கு இது தடையானதால், ‘கோர்ஸ்’ என்ற ஏற்பாடு வந்தது. விடை அனுப்பும் வழங்கி, ‘இதை எந்தத் தளத்தின் நிரலும் படிக்கலாம்’ என்று தலைப்பு வரிகளில் ஒரு வரி சேர்த்து அனுப்பினால் உலாவி வழிவிடும். 2014இல் இணையக் கூட்டமைப்பு இதைப் பரிந்துரையாக வெளியிட்டது.

பலர் தவறாகப் புரிந்துகொள்ளும் ஓர் இடத்தைச் சொல்ல வேண்டும். ஸ்னாப் அனுப்பும் எளிய கோரிக்கைகளில், வழங்கி தரவைத் தராமல் மறுப்பதில்லை. தரவு நம் கணினி வரை வந்துவிடுகிறது. அனுமதி வரி இல்லையே என்று பார்த்து, நிரலின் கையில் கொடுக்காமல் நிறுத்துவது நம்முடைய உலாவிதான். விருந்தாளி வாசல் வரை வந்து நிற்கிறார். வீட்டுக் காவலர் உள்ளே விடவில்லை. இந்த நிகழ்ச்சியைப் பற்றி உலாவி தன் உருவாக்குநர் சாளரத்தில் சிவப்பு எழுத்தில் தெளிவாக எழுதி வைக்கிறது. ஸ்னாப்பில் வேலை செய்யும் பிள்ளை அந்தச் சாளரத்தைத் திறக்கப் போவதில்லை; அப்படி ஒன்று இருப்பதே அதற்குத் தெரியாது.

தமிழ் விக்கிப்பீடியாவை எடுத்துக்கொள்வோம். அதன் ஏபிஐ சேவையிடம் பதிவு செய்யாதவர் உலாவி வழியாகத் தரவு கேட்கும்போது, முகவரியின் கடைசியில் ‘ஆரிஜின்’ என்ற அளபுருவுக்கு நட்சத்திரக் குறி கொடுக்க வேண்டும். கொடுத்தால் தரவு வரும், விட்டுவிட்டால் வெறும் குமிழ். ஒரே ஒரு நட்சத்திரக் குறி. இதைத் தெரிந்துகொள்ள ஆவணத்தைத் தேடிப் படித்திருக்க வேண்டும். பிளாக் தரும் விடையிலிருந்து யாராலும் ஊகிக்க முடியாது.

இந்த முட்டுக்கட்டையைத் தாண்ட, இடைத்தரகு வழங்கிகள் வழியாகக் கோரிக்கையை அனுப்பும் பழக்கம் இருக்கிறது. அவை தரவை வாங்கி, அனுமதி வரியைத் தாமே சேர்த்துத் தருகின்றன. யாரோ நடத்தும் அந்த வழங்கி வழியாக நம் கோரிக்கைகள் எல்லாம் போகின்றன என்பதை மாணவரிடம் சொல்லாமல் இந்த வழியைக் காட்டக் கூடாது. பாதுகாப்பு விதியைக் கற்பிக்க வேண்டிய இடத்தில் அதைச் சுற்றிப் போகும் குறுக்குவழியைக் கற்பிப்பதாக அது முடிகிறது.

மற்றவர்கள் என்ன செய்தார்கள்

ஆப் இன்வென்டர், கூகுளில் ஹால் அபெல்சன் தலைமையில் 2010இல் வெளிவந்து, 2012இல் எம்ஐடிக்கு மாறிய பிளாக் மொழி. கைப்பேசிச் செயலிகள் செய்வதற்கானது. அதன் ‘வெப்’ உறுப்பு இந்த வேலையை இரண்டாக உடைக்கிறது. கேட்பது ஒரு பிளாக். விடை வந்ததும் நடக்க வேண்டியது தனியான நிகழ்வு பிளாக். அந்த நிகழ்வு நான்கு பொருள்களைத் தருகிறது: கேட்ட முகவரி, குறியீட்டு எண், விடையின் வகை, உள்ளடக்கம். இவ்வளவு நேரத்துக்குள் வராவிட்டால் கைவிடு என்று காலக்கெடு வைக்கலாம். கெடு தாண்டினால் அதற்கும் ஒரு நிகழ்வு உண்டு. கேட்பது வேறு, கிடைப்பது வேறு என்பது பிளாக்குகளின் அமைப்பிலேயே தெரிந்துவிடுகிறது.

இதற்கு விலையும் உண்டு. ஒரே உறுப்பின் வழியாக இரண்டு ஊர்களின் வெப்பநிலையை அடுத்தடுத்துக் கேட்டால், இரண்டாவது கேட்டது முதலில் வரலாம். இரண்டுக்கும் நிகழ்வு பிளாக் ஒன்றுதான். எது எந்த ஊருக்கான விடை என்று முகவரியை வைத்துப் பிரித்துப் பார்க்க வேண்டும். நிரலின் ஓட்டம் இரண்டு துண்டாகிவிடுவதால், கேட்ட இடத்தில் தெரிந்த செய்தியை விடை வரும் இடத்துக்குக் கொண்டுசெல்லப் பொது மாறிகள் பெருகுகின்றன. தொடக்க நிலை மாணவர் இங்கே தடுமாறுவது இயல்பு. ஸ்னாப்பின் எளிமையை இந்த இடத்தில் நான் மனமாரப் பாராட்டுவேன்.

லேப்வியூ இன்னொரு வழியைக் காட்டுகிறது. நேஷனல் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் நிறுவனம் 1986இல் வெளியிட்ட இது பள்ளிப் பிள்ளைகளுக்கானது அல்ல. அளவீட்டுக் கருவிகளோடு வேலை செய்யும் பொறியாளர்களுக்கானது. இதில் சிறு பெட்டிகளைக் கம்பிகளால் இணைத்து நிரல் வரைய வேண்டும். நேரடியாக டிசிபி இணைப்பு வழியாக ஒரு வலைப்பக்கத்தைப் பெற வேண்டுமானால் திற, எழுது, படி, மூடு என்று நான்கு பெட்டிகள் வேண்டும். டிசிபி தருவது குழாயில் வரும் தண்ணீர் போல ஓர் ஓட்டம். செய்தி எங்கே முடிகிறது என்று அது சொல்லாது. எத்தனை பைட்டு படிக்க வேண்டும் என்று நாம்தான் சொல்ல வேண்டும். ஆகவே தலைப்பு வரிகளை ஒவ்வொன்றாகப் படித்து, உள்ளடக்கத்தின் நீளம் எங்கே எழுதியிருக்கிறது என்று கண்டுபிடித்து, பிறகு அத்தனை பைட்டுகளைக் கேட்க வேண்டும். பின்னாளில் எச்டிடிபிக்கென்றே தனிப் பெட்டிகள் வந்து இந்த வேலை குறைந்தது. ஆனால் பழைய முறையில் ஒருமுறை செய்து பார்த்தவருக்கு, வலைப்பக்கம் என்பது கம்பியில் எப்படி ஓடிவருகிறது என்பது ஆயுளுக்கும் மறக்காது.

லேப்வியூவில் நான் எடுத்துக்காட்ட விரும்புவது அதன் பிழைக்கம்பி. ஒவ்வொரு பெட்டிக்கும் தரவுக் கம்பியோடு பிழைக்கென ஒரு கம்பி உள்ளே வந்து வெளியே போகிறது. பிழை நேர்ந்ததா, அதன் எண் என்ன, எந்தப் பெட்டியில் நேர்ந்தது என்ற மூன்றும் அதில் பயணம் செய்கின்றன. எண் 56 வந்தால் காலக்கெடு தாண்டியது, 63 வந்தால் எதிர்முனை இணைப்பை மறுத்தது, 66 வந்தால் எதிர்முனை இணைப்பை மூடிவிட்டது. தோல்வி அங்கே படத்தில் வரையப்பட்ட ஒரு கோடு. காட்சிவழி நிரலாக்கம் என்ற பெயருக்குப் பொருத்தமான வடிவமைப்பு என்று இதைச் சொல்வேன். முக்கியமானது கண்ணுக்குத் தெரிகிறது.

தமிழ் முகவரிகள்

ஒரு விஷயத்தில் ஸ்னாப் தமிழ் மாணவர்களுக்கு மிகவும் வசதியானது. ‘மதுரை’ என்பது நம் கணக்கில் மூன்று எழுத்து. கணினிக் கணக்கில் மூன்று உயிர்மெய் வடிவங்களும் இரண்டு துணைக்குறிகளுமாக ஐந்து குறிகள். யுடிஎஃப்-8 முறையில் ஒவ்வொன்றும் மூன்று பைட்டு. ஆக 15 பைட்டு. இணைய முகவரியில் எழுதும்போது ஒவ்வொரு பைட்டும் சதவீதக் குறியும் இரண்டு இலக்கங்களுமாக விரிவதால் 45 எழுத்தாகிவிடுகிறது. ஸ்னாப் இந்த வேலையை உலாவியிடமே விட்டுவிடுகிறது. ‘மதுரை’ என்று தமிழிலேயே முகவரிக்குள் எழுதினால் போதும்; மாற்றம் தானாக நடக்கும். ஆப் இன்வென்டரில் இதற்கென உள்ள குறியாக்க பிளாக்கை நாமே இடையில் பொருத்த வேண்டும். பொருத்த மறந்தால் என்ன ஆகும் என்று மாணவரைச் செய்து பார்க்கச் சொல்லலாம், நல்ல பாடம்.

விடையிலும் இதே கூத்து உண்டு. விக்கிப்பீடியாவின் பழைய விடை வடிவத்தில் தமிழ் எழுத்துகள் பின்சாய்கோடும் நான்கு இலக்கக் குறியீடுமாக வரும். பார்த்ததும் தரவு கெட்டுவிட்டது என்றே தோன்றும். ஜேசான் என்று பிரித்தவுடன் தமிழாகிவிடும். முதல் வகுப்பிலேயே இதைச் சொல்லிவைப்பது நல்லது.

என்ன செய்யலாம்

ஸ்னாப்பின் நூலகத்தில் இணையச் சேவைகளுக்கென்று ஒரு தொகுப்பு இருக்கிறது. அதைச் சேர்த்துக்கொண்டால் தலைப்பு வரிகளையும் அனுப்பலாம், பெறுவதோடு அனுப்பும் வகைக் கோரிக்கைகளையும் செய்யலாம். தேர்ந்தவர்கள் ஜாவாஸ்கிரிப்ட் பிளாக்கை அமைப்புகளில் அனுமதித்து, குறியீட்டு எண்ணைத் தாமே பெற்றுக்கொள்ளலாம். ஆனால் முதல் நாளில் எல்லோர் கைக்கும் வருவது அந்த ஒற்றை நீள்வட்டம்தான். திருத்தம் அங்கே வேண்டும்.

என் கோரிக்கை சிறியது. பிளாக்கின் வடிவம் இப்படியே இருக்கட்டும். விடை பெற முடியாதபோதும், குறியீட்டு எண் 400 அல்லது அதற்கு மேல் இருக்கும்போதும், ஏற்கெனவே உள்ள சிவப்பு ஒளிவட்டத்தைக் காட்டி, எண்ணையும் சொல்லட்டும். இதற்கு ஒரு மறுப்பு உண்டு. இதே பிளாக்கை வைத்து, கணினியில் இணைத்த ரோபோக்களுக்குக் கட்டளை அனுப்புகிறார்கள். அங்கே விடை முக்கியமல்ல, பிழை காட்டி நிரலை நிறுத்தினால் ரோபோ நடுவழியில் நின்றுவிடும். நியாயமான கவலை. விடையைப் பயன்படுத்தாமல் அனுப்ப மட்டும் செய்யும் இடத்தை நிரல் இப்போதே தனியாகப் பிரித்துப் பார்க்கிறது. அந்த இடத்தை விட்டுவிட்டு, விடையைப் பயன்படுத்தும் இடத்தில் மட்டும் பிழையைக் காட்டினால் இரு சாராருக்கும் இடைஞ்சல் இல்லை.

நம் பள்ளி ஆய்வகங்களில் ஒரு பழக்கம் உண்டு. ஊசல் சோதனையில் கிடைத்த அளவு புத்தகத்தோடு ஒத்துவராவிட்டால், அதை அழித்துவிட்டு ‘சரியான’ அளவைப் பதிவேட்டில் எழுதிவிடுவார்கள். பல ஆண்டுகள் பதிவேடுகளில் கையெழுத்துப் போட்டவன் என்பதால் சொல்கிறேன், தவறிய அளவு பதிவேட்டில் இருந்தால்தான் எங்கே தவறியது என்று பேச முடியும். முகவரி பிளாக் அந்தத் தவறிய அளவை அழித்துவிட்டுப் பதிவேட்டை வெற்றாக நீட்டுகிறது.

திருத்தம் வரும்வரை ஆசிரியர்கள் செய்யக்கூடியது ஒன்று. ஸ்னாப்பில் சொந்தமாக பிளாக் செய்யலாம் என்பதால், முகவரி பிளாக்கை உள்ளே வைத்து, விடை வெற்றாக இருந்தால் ‘பதில் வரவில்லை’ என்று சொல்லும் ஒரு பிளாக்கை மாணவர்களையே செய்யச் சொல்லலாம். பிறகு மூன்று சோதனைகள்: இணைப்பைத் துண்டித்து ஒருமுறை, அனுமதி வரி அனுப்பாத ஒரு தளத்தை வைத்து ஒருமுறை, முகவரியில் தளத்தின் பெயரைத் தப்பாக எழுதி ஒருமுறை. மூன்றுக்கும் அந்த பிளாக் ‘பதில் வரவில்லை’ என்று ஒரே விடையைத்தான் சொல்லும். எது எது என்று பிரித்துச் சொல்ல, உலாவியின் உருவாக்குநர் சாளரத்தைத் திறந்தாக வேண்டும்.